பங்கு மண்டபத்தில் தொடங்கிய இரவுப் படிப்பு: எப்படி வளர்ந்தது, இப்போது யார் நடத்துகிறார்கள்?

கரையூரான்:
வேறொரு இழையில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எங்கட பங்கிலும் இளைஞருக்கு ஏதாவது செய்ய வேணும் எண்டு கதைக்கினம். எங்க இருந்து தொடங்கிறது?" அங்கே பதில் எழுதினால் நீண்டுவிடும். அதனால் தனி இழையாகப் போடுகிறேன். யாழ் நகரக் கரையோரத்தில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கு. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், நினைவிருக்கும். 2021 ஆம் ஆண்டுக்கான ஓ.எல் (பதினோராம் வகுப்பு, சாதாரண தர) சோதனை கொரோனாவால் பிந்தி 2022 மே 23 இல் தொடங்க இருந்தது. பிள்ளைகளுக்குப் படிக்க வெளிச்சம் இல்லை. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். சரி, அந்த விளக்குக்கும் மண்ணெண்ணெய் வேண்டுமே? கடலுக்குப் போகவே எண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த நேரம் அது.

கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கென்று வாங்கி வைத்த இன்வேட்டரும் பற்றரியும் இருந்தன. பூசை முடிந்து வெளியே வந்த ஒரு தாய் பங்குச் சுவாமியிடம் (குருவானவரிடம்), "மகளை மண்டபத்துக்குள்ள இருத்திப் படிக்க விடலாமோ சுவாமி?" என்று கேட்டார். சுவாமி ஓம் என்றார். தொடக்கம் அவ்வளவுதான். திட்ட முன்மொழிவு, பெயர்ப்பலகை, திறப்பு விழா ஒன்றும் கிடையாது.

அந்தக் கிழமைக்குள் ஓ.எல் வகுப்புப் பிள்ளைகள் பலர் வந்துவிட்டார்கள். பிறகு அவர்களின் தம்பி தங்கைகள். சின்னதுகள் வந்ததும் மண்டபம் இரைச்சலாகிவிட்டது. ஏ.எல் (உயர்தரச் சோதனை) எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த பெடியன்களையும் பெட்டைகளையும் சுவாமி கூப்பிட்டு, "நீங்கள் கணக்கு சொல்லிக் குடுங்கோ, சின்னனுகளைப் பிரிச்சு இருத்துங்கோ" என்றார். இன்னொன்றும் செய்தார். மண்டபத் திறப்பை (பூட்டுச் சாவியை) அவர்களில் இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டார். பங்குச் சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "கதிரை காணாமல் போனால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டார்கள். "நான் பொறுப்பு" என்று சுவாமி சொன்னதாகக் கேள்வி.

என்னைக் கேட்டால் படிப்பையும் பற்றரியையும் விட அந்தத் திறப்புத்தான் பெரிய விஷயம். அதுவரை எங்கள் பங்கில் இளைஞர் என்றால் பெருநாளுக்குக் கொடி கட்டவும், சுரூபம் தூக்கவும், பந்தல் போடவும் கூப்பிடும் ஆட்கள். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். முதல் தடவையாக ஒரு இடம் அவர்கள் பொறுப்பில் வந்தது.

யூன் கடைசியிலும் யூலையிலும் பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடங்களையே பூட்டினார்களல்லவா, அப்போது மண்டபம் பகலிலும் திறந்தது. மரியாயின் சேனை என்ற பங்குப் பக்திச் சபைப் பெண்கள் பிளேன்ரீயும் (பால் இல்லாத தேநீரும்) அவித்த கடலையும் கொண்டுவந்தார்கள். படிக்க வந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கடலைக்காகவும் வந்தார்கள் என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தேவையும் இல்லை.

ஒற்றைப்பனை:
கேட்க நல்லாயிருக்கு. ஆனால் எல்லாம் ஒரு நல்ல சுவாமி இருந்ததால் நடந்தது போலத் தெரிகிறது. சில வருடத்துக்கு ஒருமுறை ஆயர் இல்லம் ஆளை மாற்றும். அடுத்தவர் வந்து "மண்டபம் மண்டபமாக இருக்கட்டும்" என்றால் கதை முடிந்தது. எங்கள் பக்கம் இப்படித்தான் ஒரு கரம் போர்ட் மேசையும் வாசிகசாலையும் படுத்தன.

கரையூரான்:
@ஒற்றைப்பனை, அதுவும் நடந்தது. சுவாமிக்கு மாற்றம் வந்தது. புதியவர் கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். கலியாண வீடு, 31 ஆம் நாள் சாப்பாடு என்று மண்டப வாடகையில்தான் கோயில் கூரை திருத்தும் காசு வருகிறது. பின்னேரங்களில் பிள்ளைகள் இருந்தால் வாடகைக்கு விட முடியாது. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

பெடியன்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை, அதுதான் நல்ல காலம். ஒரு மாதத்தில் எந்தெந்த நாட்கள் உண்மையில் வாடகைக்குப் போகின்றன என்று பதிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்கள். கிழமை நாட்களில் மண்டபம் சும்மாதான் கிடந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: கிழமை நாட்களில் மண்டபம் பிள்ளைகளுக்கு. வாடகைக்கு ஆள் வந்தால் இரண்டு நாள் முன்னுக்குச் சொல்ல வேண்டும், அன்று பக்கத்துப் பள்ளிக்கூட விறாந்தையில் படிப்பு. அதிபரிடமும் கடிதம் வாங்கிவைத்தார்கள். எழுத்தில் இருப்பதால் அடுத்த மாற்றம் வந்தாலும் பேச ஒரு பிடி இருக்கிறது.

கோயிலடி_வீதி:
நான் சைவம். பக்கத்து வீதி. என் தம்பி அங்கே படிக்கப் போனவன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அம்மா விடவே இல்லை. "படிப்பெண்டு கூப்பிட்டு வேதத்தில சேத்துப்போடுவினம்" என்றா, கிறிஸ்தவத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இப்போது ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கிறிஸ்தவச் சபைகள் வந்து வீடு வீடாக ஏறி இறங்குகிற காலம். அவர்கள் வேறு, கத்தோலிக்கக் கோயில் வேறு என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த நாள் எடுத்தது.

தம்பி போன புதிதில் படிப்பு தொடங்க முன் செபம் சொல்வார்கள். சைவப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் சங்கடம்தானே? அதை ஒரு அக்கா கவனித்து, இனி ஒரு நிமிடம் அமைதி, அவரவர் மனதுக்குள் கும்பிடுங்கள் என்று மாற்றிவிட்டா. வயதான சிலர் "கோயில் மண்டபத்தில செபம் இல்லையோ" என்று குறுகுறுத்தார்களாம். பிறகு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் எங்கள் சனசமூக நிலையம் வாங்குகள் கொடுத்தது. எங்கள் கோயில் தேருக்கு அந்த மண்டபத்துப் பெடியன்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். மோர் மட்டும் கொஞ்சம் புளிப்பு.

தெல்லிப்பளை_வாசகன்:
இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன், புரட்டஸ்தாந்தப் பக்கம். இது எங்கள் மண்ணுக்குப் புதிது இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க மிசன் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி (உயர்கல்விக்கூடம்) தொடங்கியது, அடுத்த வருடம் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 1924. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சுற்றி ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். பின்னர் அதுவே வாலிபர் காங்கிரஸ் ஆனது. மிசன் பள்ளிக்கூடச் சூழலில் முளைத்தது, ஆனால் மிசனின் சொத்தாக இருக்கவில்லை. சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்து நடத்தினார்கள். சாதி பார்த்து இருத்துவதையும் சாப்பாடு போடுவதையும் எதிர்த்தார்கள். 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்கள்தான். 1931 இல் அரசாங்க சபைத் (அன்றைய சட்டமன்றம்) தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி, வடக்கில் நான்கு ஆசனங்களை வெறுமையாக விடவைத்தார்கள். அந்தப் புறக்கணிப்பு சரியா பிழையா என்பது வேறு வழக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கத்தோலிக்கர் பக்கமும் இருக்கிறது. 1965 இல் மரியசேவியர் அடிகள் உரும்பிராயில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம். திருப்பாடுகளின் (இயேசு பட்ட பாடுகளின்) நாடகம் போட்டவர்கள், பிறகு கூத்து, இசை, 'கலைமுகம்' சஞ்சிகை என்று விரிந்தார்கள். மதம் பார்க்காமல் கலைஞர்கள் அங்கே வந்துபோனார்கள்.

திருச்சபை இடமும் தொடக்கமும் கொடுத்து, பிறகு கையை எடுத்தபோது இங்கே வளர்ந்திருக்கிறது. கரையூரான் எழுதிய திறப்பும் அதே வகைதான்.

கோயிலடி_வீதி:
@தெல்லிப்பளை_வாசகன் ஐயா, பாதியைத்தான் சொல்கிறீர்கள். மிசன் பள்ளிக்கூடங்கள் கையை எடுக்காத காலமும் இருந்தது. அதனால்தானே ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார்? அவரே மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரோடு வேலை செய்தவர், உள்ளே நடப்பது தெரிந்தவர். எங்கள் அம்மாவின் பயத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

தெல்லிப்பளை_வாசகன்:
ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

கமுகம்பூ:
அண்ணைமார் வரலாறு கதைக்கட்டும். நான் அந்த மண்டபத்தில் படிப்பித்தவள். கரையூரான் அண்ணை எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன்.

ஒரு தாய் மகளுக்காகக் கேட்டுத்தான் இது தொடங்கியது, இல்லையா? ஆனால் கரண்ட் ஒழுங்கான பிறகு இரவுப் படிப்பு பெடியன்களின் படிப்பாகிவிட்டது. ஆறரைக்குப் பிறகு பெண் பிள்ளையை யார் விடுவார்கள்? வருகைப் புத்தகத்தில் பெண் பிள்ளைகளின் பெயர்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. கேட்டால், "அவையளுக்கு விருப்பமில்லைப் போல" என்று பதில் வரும்.

விருப்பம் இல்லாமல் இல்லை. வீடுகளுக்குப் போய்க் கேட்டோம். நேரம் ஒரு பிரச்சினை. மற்றது கழிப்பறை. மண்டபத்தின் பின்னால் இருட்டுக்குள், கொண்டி இல்லாத கதவு. அதைப் பற்றி எந்தப் பிள்ளை சபையில் எழும்பிச் சொல்லும்? கொண்டி போட்டு, லைற் போட்டு, வகுப்பைப் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை என்று மாற்றினோம். பிறகு நாங்கள் கூப்பிடாமலே வந்தார்கள். இப்போது சின்னப் பிள்ளைகளின் வாசிப்பு வட்டத்தை நடத்துவது முழுக்கப் பெண் பிள்ளைகள்.

பிள்ளைப் பாதுகாப்புக்கும் அப்போதுதான் ஒழுங்கு எழுதினோம். எந்த வகுப்பிலும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது, இரண்டு பேர் வேண்டும். கதவு யன்னல் திறந்திருக்க வேண்டும். தனிப்பட்ட போனில் பிள்ளைக்கு மெசேஜ் போடக் கூடாது. குருவானவருக்கும் இதே ஒழுங்குதான். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் சுவரில் ஒட்டினோம். "கோயில் மண்டபத்தில இது வடிவில்லை" என்றார் ஒருவர். கழற்றவில்லை.

நேர்க்கேள்வி:
எல்லாம் சரி. ஆனால் கணக்குப் படிக்க வருகிற பிள்ளை ஏற்கெனவே திருந்தின பிள்ளை. மதகில் குந்தியிருந்து ஐஸ் போதை அடிக்கிறவனுக்கும், வாள் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரிகிறவனுக்கும் உங்கள் மண்டபம் என்ன செய்தது? யாழ்ப்பாணத்தில் இளைஞர் பிரச்சினை என்றால் அதுதானே?

கரையூரான்:
நியாயமான கேள்வி. ஏற்கெனவே அதில் ஊறிப்போனவனை மண்டபம் மீட்காது. அதற்கு வைத்தியமும் நீண்ட காலக் கவனிப்பும் வேண்டும், ரியூசன் கொடுக்கிறவர்கள் அதற்குள் கை வைக்கக் கூடாது. ஆனால் மதகில் இருக்கிற எல்லாரும் ஐஸ் அடிக்கிறவர்கள் இல்லை. போக வேறு இடம் இல்லாதவர்கள்தான் கூட.

நாங்கள் மாதம் ஒருமுறை கூடும்போது ஒரு முறையைப் பின்பற்றுகிறோம். 1925 இல் பெல்ஜியத்தில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய கார்டைன் அடிகளின் முறை: முதலில் நடப்பதைப் பார், பிறகு ஆராய்ந்து தீர்மானி, பிறகு செய். பழசுதான், ஆனால் வேலை செய்கிறது. ஒரு கூட்டத்தில் எடுத்த கேள்வி, பெடியன்கள் ஏன் ஒன்பதாம் பத்தாம் வகுப்போடு நிற்கிறார்கள் என்பது. எல்லாருடைய வாயிலும் வந்த பதில் போன், போதை, கூடாத சேர்க்கை. வீடு வீடாகப் போய்க் கேட்டபோது வேறு கதை வந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எண்ணெய்க்கே காசு போனதால் படகுக்குக் கூலி ஆள் பிடிக்க முடியவில்லை. தகப்பன் மகனை ஏற்றிக்கொண்டு போனார். இரவு கடல், விடியக் கரை, அதன்பிறகு வலையில் மீன் கழற்ற வேண்டும். அவன் எட்டு மணிக்கு எப்படிப் பள்ளிக்கூடம் போவான்? போனாலும் வாங்கில் நித்திரை. ஆசிரியர் ஏசுவார். பிறகு போகமாட்டான். அதன் பிறகுதான் மதகு.

அதனால் கடலுக்குப் போகும் பெடியன்களுக்கென்று, அவர்கள் நித்திரை கொண்டு எழும்பும் நேரம் பார்த்துப் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு வகுப்பு வைத்தோம். எல்லாரும் வரவில்லை. வந்தவர்களில் சிலர் ஓ.எல் எழுதினார்கள்.

எஞ்சின்_தம்பி:
நான் அந்த மூன்று மணி வகுப்பு ஆள் 😄 கணக்கு எனக்கு ஏறவில்லை, உண்மையைச் சொல்ல வேணும். ஆனால் போட் எஞ்சின் கழற்றிப் பூட்டுவேன். பதின்மூன்று வயதிலிருந்து அப்பாவோடு செய்த வேலை.

மண்டபத்து அண்ணை ஒருவர்தான் சொன்னவர், நைற்றாவில் (அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகார சபை) முன் அனுபவத்தை வைத்தே சோதித்து என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தருகிற முறை இருக்கென்று. வகுப்புக்குப் போகத் தேவையில்லை, செய்கிற வேலையை அவர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். செய்த வேலைகளைப் படம் எடுத்து, எழுதி ஒரு கோப்பும் கொண்டுபோக வேண்டும். எனக்கு எழுதுவதுதான் பயம். கமுகம்பூ அக்கா பக்கத்தில் இருந்து எழுதவைத்தா. சான்றிதழ் கிடைத்தது. இப்போது சொந்தமாக எஞ்சின் திருத்துகிறேன், என்னோடு இன்னும் ஒருவன் நிற்கிறான்.

நேர்க்கேள்வி அண்ணைக்கு ஒன்று. மதகில் நானும் இருந்தவன்தான். அங்கே இருக்கிறவனை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று மண்டபத்து ஆட்களுக்கு விளங்கினது. அதனால்தான் நான் போனேன்.

நேர்க்கேள்வி:
தம்பி, வாழ்த்து. கேள்வியைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் பதில் கிடைத்தது.

ஸ்காபரோ_அண்ணை:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். 95 இல் போரால் வந்த யாழ்ப்பாண இடப்பெயர்வில் வெளிக்கிட்டவன், அந்தக் கோயிலில்தான் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கினேன் என்று நினைக்கிறேன், அடையாளங்களை வைத்துப் பார்த்தால். இங்கே ஊர்ச் சங்கத்தில் கதைத்து ஒரு கணினி அறை போட்டுத் தரலாம். எத்தனை கணினி வேண்டும்?

கமுகம்பூ:
அண்ணை, மனம் நோகாமல் கேளுங்கோ. ஏற்கெனவே வெளிநாட்டுக் குழு ஒன்று ரப்லெற் அனுப்பியது. நன்றி சொன்னோம். பிறகு மாதாமாதம் பிள்ளைகள் பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் கேட்டார்கள். அதில் இந்தப் பிள்ளை ஏழை, தகப்பன் இல்லை என்று விவரமும் எழுத வேண்டுமாம். எங்களால் முடியவில்லை. ஒரு பிள்ளை "நான் படத்துக்கு நிக்கமாட்டன்" என்று வகுப்புக்கே வராமல் விட்டது. ரப்லெற்றுகள் பழுதாகிவிடும் என்ற பயத்தில் அலுமாரிக்குள் பூட்டுப்பட்டன. பிறகு எல்லாம் பழுதாகித்தான் போனது, அலுமாரிக்குள்ளேயே.

உண்மையில் காசு போகிற இடங்கள் வேறு. கரண்ட் பில். பிளேன்ரீக்குச் சீனி. எஞ்சின் வேலைக்கு ஒரு முழுத் தொகுதி சாவிகள் (ஸ்பானர்கள்). என்.வி.கியூ சோதனைக்குக் கட்டணம். படம் எடுத்துப் போட முடியாத செலவுகள்.

ஸ்காபரோ_அண்ணை:
நோகவில்லை தங்கச்சி. இங்கே சங்கத்தில் சிலர் படம் கேட்பார்கள்தான், அவர்களோடு நான் கதைக்கிறேன். யாருக்கு அனுப்புவது? கரையூரான், உங்கள் கணக்கு இலக்கத்தைத் தனிமடலில் போடுங்கோ.

கரையூரான்:
என் கணக்குக்கு வேண்டாம் அண்ணை. சுவாமியின் கணக்குக்கும் வேண்டாம். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. இளைஞர் இருவரும் பங்குச் சபையில் ஒருவருமாக மூன்று பேரில் இரண்டு பேர் கையொப்பம் வைத்தால்தான் காசு எடுக்கலாம். மாதக் கணக்கு மண்டப வாசல் பலகையில் ஒட்டப்படும், பிளேன்ரீச் சீனி வரைக்கும். வருகிற கூட்டத்தில் உங்கள் கடிதத்தை வாசித்து, எதற்கு எடுப்பது என்று அவர்களே முடிவெடுத்து எழுதுவார்கள். இரண்டு கிழமை செல்லும்.

புதுப்பங்கு:
மற்ற இழையில் கேட்டது நான்தான். எல்லாம் வாசித்தேன், நன்றி. எங்கள் பங்குச் சபை முதலில் யாப்பு எழுதி, தலைவர் செயலாளர் தெரிந்து, ஆயரை அழைத்துத் தொடக்க விழா வைப்பதாக இருக்கிறது. நாங்கள் சிலர் வந்து பார்க்கலாமா?

கமுகம்பூ:
வாங்கோ, ஆனால் பங்குச் சபை ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேயுங்கோ. பதினைந்து பதினாறு வயதில் நாலு பிள்ளைகளையும் கூட்டி வாங்கோ, அதில் குறைந்தது இரண்டு பேர் பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். வர முதல் அவர்களிடம் பின்னேரம் நாலு மணிக்கு எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கோ. விழாவைப் பிறகு வைக்கலாம்.

கரையூரான்:
சனிக்கிழமை வேண்டாம், மண்டபத்தில் கலியாணம். புதன் பின்னேரம் மூன்று மணிக்கு வந்தால் கடல் பெடியன்களின் வகுப்பையும் அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகளின் வாசிப்பையும் பார்க்கலாம். பஸ்ஸில் வருவதென்றால் தனிமடல் போடுங்கோ, எஞ்சின்_தம்பி ஓட்டோ பிடித்துத் தருவான்.

எஞ்சின்_தம்பி:
ஓட்டோ என்னத்துக்கு, நடக்கிற தூரம்தான். நான் பஸ் நிலையத்தடியில் நிற்கிறேன்.